முதலெழுத்தைத் தின்னும் கதவு

மேடையேறிய பேச்சாளர் மைக்கைப் பிடித்து "வணக்கம்" என்கிறார். ஸ்பீக்கரில் "ணக்கம்" என்று விழுகிறது. பேச்சாளர் மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு மறுபடி சொல்கிறார். மறுபடியும் "ணக்கம்"தான். மைக்கில் பழுதில்லை, ஒயரிலும் இல்லை. ஓரமாக உட்கார்ந்திருக்கும் மிக்சரில், அவருடைய சேனலுக்கு மேல் ஒரு சின்ன விளக்கு எரிகிறது. அந்த விளக்கு காட்டும் கருவியின் பெயர் நாய்ஸ் கேட். ஒலிக்குப் போட்ட கதவு.

கதவின் வேலை எளிமையானது. மைக்கில் வரும் சத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் திறக்கும்; தாண்டாவிட்டால் மூடியே இருக்கும். அந்த அளவுக்குப் பெயர் த்ரெஷோல்ட், நம்மூர் வாசற்படியேதான். எவ்வளவு வேகமாகத் திறக்க வேண்டும் என்பது அட்டாக். திறந்தபின் எவ்வளவு நேரம் அப்படியே நிற்க வேண்டும் என்பது ஹோல்ட். எவ்வளவு மெதுவாக மூட வேண்டும் என்பது ரிலீஸ். ஃபேன் காற்று, ஜெனரேட்டர் உறுமல், பக்கத்து வாத்தியத்தின் கசிவு எல்லாம் வாசற்படியைத் தாண்ட முடியாமல் வெளியே நிற்கும். சிக்கல் ஒன்றுதான். யாரோ தட்டிய பிறகுதான் கதவுக்கு விஷயம் தெரியும். தெரிந்து திறப்பதற்குள் முதலெழுத்து வெளியே நின்றுவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. அது பிறந்த இடமும் இசை மேடையன்று, தொலைபேசி நிலையம்.

1927 ஜனவரி 7ஆம் தேதி நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே வணிகரீதியான ரேடியோ தொலைபேசி தொடங்கியது. மூன்று நிமிடம் பேச 75 டாலர். முதலில் பேசியவர்கள் அமெரிக்கத் தொலைபேசி நிறுவனமான ஏடி அண்ட் டியின் தலைவர் வால்டர் கிஃபோர்டும், பிரிட்டிஷ் தபால்துறையின் செயலாளர் எவலின் மர்ரேயும். போகும் குரலுக்கும் வரும் குரலுக்கும் நீண்ட அலைகளில் தனித்தனி இடம் ஒதுக்க வசதியில்லை. இரண்டும் ஒரே அலைவரிசை. அப்படியே விட்டால் ஒரு பக்கம் அனுப்பிய குரல் அதே பக்கத்து ரிசீவரில் புகுந்து, சுற்றிச் சுற்றி வந்து ஊளையிடும். நம் மேடைகளில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே நீட்டினால் கேட்குமே, அதே கீச்சல், கடலளவு பெரிதாக. பொறியாளர்கள் அதைப் 'பாடுகிறது' என்றார்கள். அதை அடக்க வைத்த கருவிக்கு வோடாஸ் என்று பெயர். யாரும் பேசாதபோது அனுப்பும் பாதை அடைத்தே இருக்கும். ஒருவர் வாய் திறந்ததும் அவருடைய குரலே ரிலேக்களை இழுத்து, வரும் பாதையை மூடி, போகும் பாதையைத் திறந்துவிடும். குரலே சாவி.

ரிலே இழுபடச் சில கணங்கள் ஆகும். அதற்குள் 'ஹலோ'வின் தலை போய்விடும். அதனால் குரலை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு நகல் நேரே ரிலேக்குப் போகும். அசல் ஒரு தாமதச் சுற்றில் கொஞ்சம் காத்திருந்து, கதவு திறந்தபின் வரும். இந்தத் தந்திரத்தை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் தேவைப்படும்.

பேசும் படத்திலும் இந்தக் கதைதான். 1930களின் தொடக்கத்தில் ஃபிலிமின் ஓரத்தில் ஒளித்தடமாக ஒலியைப் பதிந்தார்கள். வசனம் இல்லாத இடத்தில் ஃபிலிமின் தூசியும் கீறலும் இரைச்சலாகக் கேட்டன. அங்கே ஒளி புகும் இடத்தை ஒரு மூடியால் குறுக்கினார்கள். மூடி மெதுவாக விலகினால் வசனத்தின் தொடக்கம் நறுங்கிப்போகும்.

1956இல் ஸ்காட்லாந்தையும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தையும் இணைத்து அட்லாண்டிக் அடியில் முதல் தொலைபேசிக் கேபிள் இறங்கியது. மொத்தம் 36 தடங்கள். பேசுகிற மனிதர் பாதி நேரம் சும்மா கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார் என்று கணக்குப் போட்ட பெல் ஆய்வகம், ஒருவர் மௌனமான கணத்தில் அவருடைய தடத்தை இன்னொருவருக்குக் கொடுக்கும் டாசி என்ற கருவியை 1960இல் அதில் மாட்டியது. கேபிளை மாற்றாமலே அழைப்புகள் சுமார் இரண்டு மடங்காயின. நெரிசல் மிகுந்தால் அங்கேயும் முதலசை காணாமல் போகும். ஒருவர் மூச்சு வாங்கும் இடைவெளியை இன்னொருவருக்கு விற்ற அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஸ்டூடியோவுக்குள் இந்தக் கதவு வந்ததற்குக் காரணம் டேப்பின் இரைச்சல். காந்த நாடாவில் எதுவும் பதியாத இடத்திலும் 'ஸ்ஸ்' என்று ஒரு சீறல் இருக்கும். ஒரு தடத்தில் அது பெரிய தொந்தரவில்லை. 1960களின் கடைசியில் தடங்கள் 8, 16 என்று பெருகின. தடங்கள் இரண்டு மடங்கானால் சீறல் 3 டெசிபெல் கூடும். 16 தடங்களையும் ஒன்றாகத் திறந்து வைத்தால் ஒரு தடத்தைவிட 12 டெசிபெல் அதிகம். பாடகர் பாடாத இடமெல்லாம் பாம்புப் புற்று.

இதற்கு வழி செய்தவர் பால் பஃப். அமெரிக்க மரைன் படையில் மின்னணுவியல் கற்றவர். கலிஃபோர்னியாவில் குக்கமோங்கா என்ற சிற்றூரில் பால் ரெக்கார்டிங் என்று சின்னதாக ஒரு ஸ்டூடியோ நடத்தினார். டிரம்ஸ் அடியாலேயே உலகப் புகழ் பெற்ற 'வைப் அவுட்' என்ற சர்ஃப் பாட்டு அங்கே பதிவானதுதான். 1964இல் அந்த ஸ்டூடியோவை இசைக்கலைஞர் ஃபிராங்க் ஜாப்பாவுக்கு விற்றார். பிற்பாடு அலிசன் ரிசர்ச் நிறுவனத்தின் பெயரில், 1970களின் தொடக்கத்தில், கெபெக்ஸ் என்ற மெலிந்த பெட்டியைக் கொண்டுவந்தார். ஒரு தடத்துக்கு ஒரு பெட்டி. வரிசையாகச் சட்டத்தில் செருக வேண்டியது. (பின்னாளில் இவர் ஒலியை விட்டுவிட்டு ஃபோட்டோ ஸ்டூடியோக்களுக்கு ஃபிளாஷ் விளக்குகள் செய்து விற்றார். இன்றைக்குப் பால் சி. பஃப் என்றால் ஃபோட்டோகிராஃபர்களுக்குத்தான் தெரியும்.)

கெபெக்ஸ் என்ற பெயரின் முதலெழுத்து குறிப்பது 'கீ', அதாவது சாவி. பஃபின் பெட்டியில் பின்பக்கம் இன்னொரு துளை இருந்தது. கதவைத் தாண்டி வரப்போகும் ஒலிதான் கதவைத் தட்ட வேண்டும் என்ற கட்டாயமில்லை. வேறு எந்த ஒலியையும் அந்தத் துளையில் செருகலாம். கிக் டிரம்மைச் சாவியாகச் செருகி, 50 ஹெர்ட்ஸில் முனகிக்கொண்டே இருக்கும் ஆசிலேட்டருக்குக் கதவு போட்டால், ஒவ்வொரு உதைக்கும் அடிவயிற்றில் ஒரு முனகல் சேரும். எலக்ட்ரிக் பியானோவில் விரலை எடுக்காமல் பிடித்த சுருதியை ஹை-ஹாட் சிம்பலின் தாளத்தால் நறுக்கலாம். இரைச்சலை அடைக்க வந்த கதவு இங்கே வாத்தியமாகிவிட்டது. தட்டுவது யார், உள்ளே வருவது யார் என்ற இரண்டு கேள்விகளும் பிரிந்த இடம் இது. இந்தத் தொழிலின் பாதிக் கதை இந்தப் பிரிவில்தான் இருக்கிறது.

மீதிக் கதைக்கு 1977ஆம் ஆண்டு மேற்கு பெர்லினுக்குப் போக வேண்டும். ஹன்ஸா ஸ்டூடியோ. பெர்லின் சுவருக்கு மிக அருகில், ஜன்னலில் நின்றால் காவல் வீரர்கள் தெரியும் தூரத்தில் இருந்த கட்டடம். அதிலுள்ள பெரிய மண்டபத்தில் டேவிட் போவி 'ஹீரோஸ்' பாட்டைப் பாட நின்றார். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி மூன்று மைக்குகளை வைத்தார். ஒன்று போவியின் வாயிலிருந்து 9 அங்குலத்தில். அடுத்தது 20 அடி தள்ளி. மூன்றாவது மண்டபத்தின் கோடியில், 50 அடி தூரத்தில். பின்னிரண்டுக்கும் கதவு. போவி முணுமுணுக்கும்போது முதல் மைக் மட்டும் கேட்கும். குரலை உயர்த்தினால் இரண்டாவது திறக்கும். அடிவயிற்றிலிருந்து கத்தினால் மட்டுமே மூன்றாவது திறந்து மண்டபம் முழுவதையும் உள்ளே விடும்.

ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 20 அடி கடக்க 18 மில்லி செகண்ட் ஆகும், 50 அடிக்கு 44. அதனால் கதவு திறக்கும்போது சத்தம் மட்டும் கூடவில்லை. குரல் பின்னோக்கி விரிந்தது. பாட்டின் தொடக்கத்தில் காதருகே பேசுகிற மனிதர், கடைசியில் எதிரொலிக்கும் கூடத்தில் தனியாக நின்று கத்துகிறார். எக்கோவை ஃபேடரில் ஏற்றி இதைச் செய்திருக்கலாம். ஆனால் அப்போது ஏற்றுபவர் பொறியாளர். இங்கே கதவைத் திறந்தது பாடகரின் தொண்டை. கத்தினால்தான் மண்டபம் கிடைக்கும் என்ற நிலைமையில் நிறுத்தப்பட்டவர் கத்தத்தான் செய்வார். கருவி பாட்டைப் பதிவு செய்ததோடு நிற்காமல், பாடும் முறையையே மாற்றியது.

இரண்டு வருடம் கழித்து லண்டன். கோல்ட்ஹாக் ரோட்டில் டவுன்ஹவுஸ் ஸ்டூடியோ. அதில் சுவரெல்லாம் கல் பதித்த டிரம்ஸ் அறை. பாடகர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பம் பதிவாகிக்கொண்டிருந்தது. தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், பொறியாளர் ஹியூ பாட்ஜம், டிரம்ஸில் ஃபில் காலின்ஸ். கேப்ரியல் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: சிம்பல்களைத் தொடக் கூடாது. டிரம்ஸ்காரரிடம் ஜால்ரா சத்தம் கேட்கக் கூடாது என்பது, தவில்காரரிடம் வலது கையைக் கட்டிக்கொள்ளச் சொல்வது மாதிரி.

அங்கே இருந்த மிக்சர் எஸ்எஸ்எல் 4000 பி. ஒவ்வொரு சேனலிலும் கம்ப்ரஸரையும் கேட்டையும் பொருத்தியிருந்தது அதன் விசேஷம். அதுவரை அவை வெளியே தனிப் பெட்டிகளாக, நாலைந்துதான் இருக்கும். எந்தச் சேனலுக்கு என்று பங்கு போட வேண்டும். இன்னொரு வசதியும் அதில் இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் இருக்கும் வாத்தியக்காரர்கள் பேசுவது பொறியாளருக்குக் கேட்க, கூரையில் ஒரு மைக் தொங்கும். யார் எந்த மூலையிலிருந்து முணுமுணுத்தாலும் கேட்க வேண்டும் என்பதற்காக, அதில் கம்ப்ரஸர் மிகக் கடுமையாக ஒலியை நெரிக்கும். பேச்சு கேட்க வைத்தது அது. காலின்ஸ் வாசித்துக்கொண்டிருந்தபோது பாட்ஜம் அதைத் திறந்துவிட்டார். கல் அறையின் எதிரொலி முழுவதும் நெரிபட்டு, பூதம் போல உள்ளே வந்தது. எல்லோரும் அசந்துபோனார்கள். அந்த மைக்கிலிருந்து டேப்புக்கு வழியே இல்லை. ஸ்டூடியோவின் பராமரிப்பு ஆட்கள் ஒயரை மாற்றிக் கொடுத்தார்கள்.

பாட்ஜம் அதன்மேல் கேட்டையும் போட்டார். அடி விழும், அறை கர்ஜிக்கும், கர்ஜனை தேயத் தொடங்குவதற்குள் கதவு படாரென்று மூடும். இயற்கையில் அப்படி ஓர் எதிரொலி கிடையாது. கோயில் பிரகாரத்தில் கைதட்டினால் ஓசை தேய்ந்து தேய்ந்துதான் மறையும், யாரும் கத்தியால் வெட்டுவதில்லை. 'இன்ட்ரூடர்' பாட்டில் 1980இல் அந்தச் சத்தம் வெளியே வந்தது. 1981 ஜனவரியில் காலின்ஸின் 'இன் தி ஏர் டுநைட்' வந்தபோது, மூன்றரை நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வைத்துவிட்டு இறங்கும் டிரம்ஸ் அடியை உலகமே மேசையில் தட்டிப் பழகியது.

அதன்பின் அந்தப் பத்தாண்டு முழுக்க இதே சத்தம். கல் அறை வாடகைக்குக் கிடைக்காதவர்களுக்காக பர்ன்லியைச் சேர்ந்த ஏஎம்எஸ் நிறுவனம் ஆர்எம்எக்ஸ்16 என்ற டிஜிட்டல் எதிரொலிப் பெட்டியில் 'நான்லின்' என்று தனி நிரலே கொடுத்தது. கதவும் அறையும் ஒரே பட்டனில் கிடைத்தன. எளிதாகக் கிடைத்ததும் சலித்தும் போனது. 1990களில் அது பழைய சட்டைக் காலர் போல ஆகிவிட்டது.

மேடையில் இந்தக் கதவுக்கு வேறு வேலை. டிரம்ஸ் செட்டுக்கு எட்டுப் பத்து மைக்குகள். ஸ்நேர் டிரம்முக்கு வைத்த மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் ஹை-ஹாட் சீறுகிறது. அந்தச் சீறலுக்கும் கதவு திறந்து திறந்து மூடும். ஒலி பல் கிட்டிப்போன மாதிரி நடுங்கும். யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஐவர் டிராமர் 1980களின் தொடக்கத்தில் செய்த டிஎஸ்201 இதற்குத் தீர்வு சொன்னது. கதவைத் தட்டும் சாவி ஒலிக்கு மட்டும் இரண்டு ஃபில்டர்கள். மேலே உள்ள சீறலையும் கீழே உள்ள உறுமலையும் வெட்டிவிட்டு, ஸ்நேரின் நடுப்பகுதியை மட்டும் காவலாளியின் காதில் ஓதும். உள்ளே போகும் ஒலியில் எந்த வெட்டும் விழாது. காவலாளிக்கு என்ன கேட்கிறது என்பதைப் பொறியாளரும் கேட்டுப் பார்க்க 'கீ லிசன்' என்ற ஸ்விட்ச். ஒரு பெட்டியில் இரண்டு கதவுகள். பத்து மைக்குக்கு ஐந்து பெட்டிகள். உலகம் சுற்றும் இசைக் குழுக்களின் லாரிகளில் இவை அடுக்கடுக்காக ஏறி இறங்கின.

டாம் எனப்படும் டிரம்களுக்கு ஃபில்டரும் போதாது. பக்கத்து அடிக்கும், பேஸ் கிடாருக்கும், ஸ்பீக்கர் அதிர்வுக்கும் டாமின் தோல் தானாகவே சிலிர்க்கும். மைக்கைக் கேட்டுத் திறக்கும் கதவு எதை நம்பும்? இங்கேதான் டிரிகர் வந்தது. ரூபாய் நாணயம் அளவில் ஒரு பித்தளைத் தகடு, அதன்மேல் வெள்ளையாகப் பீசோ பூச்சு. அதைத் தோலின் விளிம்பில் ஒட்டிவிட்டால், காற்றில் வரும் ஒலிக்கு அது ஏறக்குறைய செவிடு. கோல் விழும் அதிர்வுதான் அதற்குத் தெரியும். அதன் ஒயரைக் கேட்டின் சாவித் துளையில் செருகினால், கோல் விழுந்தால் ஒழிய டாம் மைக் திறக்காது.

பழைய மிக்சரில் இதற்கெல்லாம் பின்பக்கம் போய், டார்ச் அடித்து, ஒயர் இழுக்க வேண்டும். டிஜிட்டல் மிக்சர் அந்த ஒயரை எண்ணாக்கிவிட்டது. யமஹா 1987இல் டிஎம்பி7 என்ற 8 சேனல் மிக்சரோடு பாதை போட்டது. 1995இல் 02ஆர் வந்து சின்ன ஸ்டூடியோக்களைப் பிடித்தது. 2005இல் எம்7சிஎல், தொடுதிரையோடு, மேடைகளுக்கு. 2012இல் பெரிங்கர் எக்ஸ்32 வந்ததும் 32 சேனலுக்கும் தலா ஒரு கதவு என்பது ஊர்ப்புற மைக் செட்காரரின் கைக்கும் எட்டும் சமாச்சாரமாகியது. ஒரு காலத்தில் லாரியில் ஏறிய இரும்பு, திரையில் ஒரு தட்டல்.

சவுண்ட் செக் நேரத்தில் பக்கத்தில் நின்று பார்த்தால் வேலை இப்படி நடக்கும். ஃப்ளோர் டாம் மைக் 8ஆம் சேனலில். அதன் டிரிகர் 25இல். முதல் காரியமாக 25ஐ மெயினிலிருந்து கழற்றிவிட வேண்டும். மறந்தால் ஹால் முழுக்க மரங்கொத்தி மாதிரி 'டொக் டொக்' கேட்கும். பிறகு பொறியாளர் 8ஆம் சேனலின் கேட் பக்கத்தைத் திறந்து, சாவி எங்கிருந்து என்ற இடத்தில் 25ஐத் தேர்ந்தெடுப்பார். டிரம்ஸ்காரர் அடிக்க, திரையில் கிடைமட்டக் கோட்டின் மேல் ஒளிப்புள்ளி ஒன்று தாவும். அட்டாக்கை மிகவும் குறைத்தால் திறக்கும் சத்தமே 'டிக்' என்று கேட்கும், கூட்டினால் அடியின் முனை மழுங்கும். ரிலீஸைக் காதால்தான் வைக்க வேண்டும். பாட்டின் வேகத்துக்கு ஏற்ப, அடுத்த அடிக்கு முன் தோல் அடங்குமாறு.

அப்புறம் அந்த 1927 தந்திரம். மைக் சேனலில் மட்டும் 1 மில்லி செகண்ட் தாமதம். நொடிக்கு 48,000 மாதிரிகள் எடுக்கும் மிக்சரில் அது 48 எண்கள். மைக்கை ஓரடிக்குக் கொஞ்சம் கூடத் தள்ளி வைத்ததற்குச் சமம், காதுக்குத் தெரியாது. டிரிகர் தாமதமில்லாமல் ஓடிப்போய்க் கதவைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். அடி அதன்பின் முழுசாக உள்ளே நுழையும். அட்லாண்டிக்கைக் கடந்த 'ஹலோ'வுக்கு ஒரு முழுச் சுற்று தேவைப்பட்ட வேலை.

பேச்சு மேடைக்கு இவ்வளவு வித்தையும் உதவாது; உதடு அசைவதற்குமுன் தட்டிச் சொல்ல அங்கே டிரிகர் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ நாடக மேடைகளில் வேலை பார்த்த டான் டூகன் 1970களில் கதவையே வேண்டாம் என்றார். அவருடைய கருவி எல்லா மைக்குகளையும் திறந்தே வைத்து, மொத்த அளவு மாறாமல் பங்கு மட்டும் போடும். ஒருவர் பேசினால் அவருக்குப் பெரும்பங்கு. இருவர் சேர்ந்து பேசினால் ஆளுக்குக் கொஞ்சம். திறப்பு, மூடல் என்ற சம்பவமே இல்லாததால் முதலெழுத்து எங்கும் போகாது. யமஹா தன் சிஎல், க்யூஎல் மிக்சர்களில் 2014இல் இதைச் சேர்த்தது. பட்டிமன்றத்துக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை.

கச்சேரி சபாக்களில் அதே மாதிரி மிக்சர்கள்தாம் இப்போது உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் மிருதங்கத்துக்குக் கேட் போட்டால் தொப்பியின் கும்காரம் பாதியில் அறுபடும். கார்வை போய்விட்டால் அடி மட்டும் மிஞ்சும். பாடகரின் மைக்குக்குப் போட்டால், அவர் மூச்சு வாங்கும்போதெல்லாம் பின்னால் ஓடும் தம்புராவும் சேர்ந்து மூச்சு வாங்கும். தெரிந்தவர்கள் அங்கே விளக்கை அணைத்தே வைப்பார்கள். அப்படியும் வேண்டியிருந்தால் மூடும்போது ஒலியை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று சொல்லும் ரேஞ்ச் என்ற குமிழை 80 டெசிபெல்லில் வைக்காமல் 6க்கோ 10க்கோ இறக்கிவிடுவார்கள். கதவு அப்போது சாத்துவதில்லை, ஒருக்களித்து நிற்கும்.